உங்களுக்குத் தெரியுமா? மின்கம்பம் எட்டாத பெலும் காட்டில் ஓர் இரவு

சஃபாரி என்றதும் நம் நினைப்பு ஆப்பிரிக்காவுக்கு ஓடிவிடுகிறது. யானையும் புலியும் இருவாய்ச்சியும் வாழும் பெருங்காடு நம் பேராக் மாநிலத்தின் வடகோடியிலேயே இருக்கிறது. மின்கம்பம் எட்டாத, கைப்பேசிக்கு லைன் கிடைக்காத சிறு முகாம்களில் அங்கே தங்க முடியும். அப்படித் தங்குகிறவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் அந்தக் காட்டுக்கே காவலாகிறார்கள். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

● இரண்டரை மணி நேரப் பயணம்தான்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி, கிளேடாங் மலைத்தொடரைக் குடைந்து போட்ட 800 மீட்டர் மெனோரா சுரங்கப் பாதையைத் தாண்டி, கோலகங்சாரில் இறங்கி, லெங்கோங் வழியாக கிரிக் போய், கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் பண்டிங் தீவு. சாதாரணமாக ஓட்டினாலே இரண்டரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். அங்கே படகுத்துறையில் காரை விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் படகுதான், பிறகு நடைதான்.

● வழியிலேயே 10,000 ஆண்டுப் பழைய முகாம்

பேராக்கில் காட்டில் தங்குவது புதுப்பழக்கம் இல்லை. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் கிடைத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டுக்கு 10,000 ஆண்டுக்கு மேல் வயது. அவருக்குப் பிறவியிலேயே இடது கை ஊனம். இருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். கூட்டத்தார் பார்த்துக்கொள்ளாமல் அந்தக் காலத்துக் காட்டில் அது நடந்திருக்குமா? 2012-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தலமாக்கியது. முகாமுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டே போகலாம்.

● நெடுஞ்சாலைக்கு வடக்கே ஒரு சட்டம், தெற்கே ஒரு சட்டம்

நெடுஞ்சாலைக்கு வடக்கே, தாய்லாந்து எல்லை வரை பரவியிருப்பது அரச பெலும் மாநிலப் பூங்கா. பரப்பு 1,17,500 ஹெக்டர். 2007-இல் அரசிதழில் வெளியிட்டுப் பாதுகாக்கப்பட்டது. அங்கே மரம் வெட்ட முடியாது. தெற்கே இருப்பது தெமெங்கோர் வன ஒதுக்கீடு. அது மரம் எடுக்க அனுமதி உள்ள காடு. யானைக்கும் புலிக்கும் இரண்டும் ஒரே காடுதான். முகாமைப் பதிவு செய்யும்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள்.

● ஏரிக்கு அடியில் இன்னொரு காடு

படகில் போகும்போது தண்ணீருக்கு மேலே பட்டுப்போன மரங்கள் வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டு நிற்கும். அவை மூழ்கிய காட்டின் உச்சிகள். 1970-களில் 127 மீட்டர் உயரத்துக்கு தெமெங்கோர் அணை கட்டியபோது பள்ளத்தாக்குகளில் நீர் ஏறி, சுமார் 15,200 ஹெக்டர் ஏரி உருவானது. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். அங்கே குடியிருந்த பூர்வகுடிக் குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. அணையின் மின்நிலையம் 348 மெகாவாட் திறன் கொண்டது. படகோட்டி திடீரென்று வேகத்தைக் குறைத்தால் அவசரப்படுத்தாதீர்கள். நீருக்கு ஓரடி கீழே ஒரு மரம் நின்றுகொண்டிருக்கலாம்.

● வானத்திலிருந்து மரத்தில் இறங்கியவர்கள்

1952 பிப்ரவரியில், அவசரகாலத்தின்போது, பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பெலும் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் குதித்தார்கள். சிலர் மரக்கிளைகளில் சிக்கிக்கொண்டு, கயிறு கட்டித் தரைக்கு இறங்கினார்கள். கம்யூனிஸ்ட் போராளிகளும் பல ஆண்டுகள் இந்தக் காடுகளில் முகாமிட்டிருந்தார்கள். அதனால் 1982-இல் திறந்த கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் இரவுப் பயணத்துக்குத் தடை இருந்த காலம் உண்டு. 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் அவர்களுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றும் இது எல்லைப் பகுதி. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. அடையாள அட்டை நகலைக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

● முகாமில் என்னதான் இருக்கும்?

பலகைத் தரை, அத்தாப்பு அல்லது தார்ப்பாய்க் கூரை, கொசுவலை, மெல்லிய மெத்தை. மேட்டு ஓடையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். பம்பு கிடையாது, சரிவே தண்ணீரைத் தள்ளும். மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும். சில இடங்களில் சோலார் விளக்கு மட்டும்தான். இதைக் கேட்டுப் பிள்ளைகள் மலைத்துப்போகலாம். ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிக்கு இது பழகிய வாழ்க்கை. பல தோட்டங்களில் எஞ்சின் போடும் அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் வெளிச்சம், பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. விடிவதற்கு முன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர்கள் அவர்கள். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். இருட்டில் நடக்கும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. பெரியவர்களையும் கூட்டிப் போங்கள்.

● கைக்கடிகாரம் தேவையில்லை

பொழுது சாயும் நேரத்தில் ஒரு சில்வண்டு காதைத் துளைக்கும் சத்தத்தில் கத்தத் தொடங்கும். பெரிய வகைச் சில்வண்டு அது. நம் நாட்டில் அதை 'ஆறு மணி சில்வண்டு' என்றே சொல்வார்கள். காலையில் சியாமாங் குரங்குகளின் முறை. தொண்டைப் பையை ஊதிக்கொண்டு ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குரல் கொடுக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். 'இது எங்கள் எல்லை' என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லும் அறிவிப்பு அது.

● பத்துக்குப் பத்து

மலேசியாவில் இருவாய்ச்சி வகைகள் பத்து. பத்தும் பெலும்–தெமெங்கோர் காட்டில் உண்டு. தமிழ்நாட்டு வால்பாறைக் காட்டில் பறக்கும் பெரிய இருவாய்ச்சியும் இந்தப் பத்தில் ஒன்று. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவு விடும். அதன் வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். அந்த ஆண் சுடப்பட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும்.

இந்தப் பத்தில் ஒரு வகை மாலையில் கூட்டம் கூட்டமாக உறங்கும் மரங்களுக்குத் திரும்பும். தெமெங்கோரில் 2,000-க்கும் மேல் எண்ணிய பதிவு உண்டு. மலேசிய இயற்கைச் சங்கம் தொண்டர்களைச் சேர்த்து இவற்றைக் கணக்கெடுத்து வருகிறது. நீங்களும் விண்ணப்பிக்கலாம். படகிலோ கரையிலோ நின்று அண்ணாந்து பார்த்தால், பறவை கண்ணில் படும் முன்பே சிறகு காற்றைக் கிழிக்கும் 'உஸ்… உஸ்…' ஓசை வந்துவிடும்.

● சுல்தான் பெயரில் ஒரு பூ

ராஃப்லேசியாவுக்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, மொட்டு மட்டும் வெளியே வரும். மொட்டு முற்றப் பல மாதம் ஆகும். மலர்ந்த பூவுக்கு ஏறக்குறைய ஒரு வாரமே ஆயுள். பெலும் காட்டில் கண்டறிந்த புதிய வகைக்கு 2003-இல் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைச் சூட்டி 'ராஃப்லேசியா அஸ்லானி' என்றார்கள். பூவைச் சுற்றி மொட்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கும். படம் எடுக்கிற ஆசையில் ஓர் அடி தவறி வைத்தால் பல மாத வளர்ச்சி நசுங்கிவிடும். வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே நீங்களும் வையுங்கள்.

● உப்புக்கு வரும் யானை

இலை தழை தின்னும் விலங்குக்கு உணவில் உப்புச்சத்து போதாது. தாதுப்பு கசியும் சேற்று இடங்களைத் தேடி வரும். இங்கே அதற்கு 'சிரா' என்று பெயர். பெலுமில் சிரா பாப்பான் பலரும் அறிந்த ஒன்று. கிட்டே போய்ப் பார்த்தால் சேறு முழுக்க எழுத்து: வட்டமாகப் பதிந்து நீர் தேங்கிய யானைத் தடம், பிளந்த குளம்போடு கடமான் தடம், முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலும் பதித்த தாபிர் தடம். ஓரங்களில் யானை தந்தத்தால் குத்தி மண் பெயர்த்த பள்ளம் இருக்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போனால் விலங்குகள் வராது. பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

● இருட்டில் யாருடைய கண்?

பல இரவு விலங்குகளின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. டார்ச் வெளிச்சம் பட்டதும் மின்னும். மரத்தில் மெதுவாக நகரும் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தேவாங்காக இருக்கலாம். தரையில் பனித்துளி மாதிரி மினுக்குவது சிலந்தி. மனிதருக்கும் சியாமாங்குக்கும் இந்தப் படலம் இல்லை. டார்ச்சை ஒரு நொடி காட்டிவிட்டு விலக்குங்கள். தேவாங்கின் கண்ணுக்கு நேரே அடித்தால் வெகுநேரம் அதற்குப் பார்வை கூசும்.

● அட்டைக்குப் பயப்பட வேண்டாம்

அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்துகிறது. அதனால்தான் அது விழுந்த பிறகும் கசிவு நிற்பதில்லை. தீக்குச்சி வைத்துச் சுடாதீர்கள். உள்ளே இருப்பதை அது காயத்தில் கக்கிவிடும். நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளினாலே கழன்றுவிடும். கடித்த இடத்தைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிச் சாக்ஸ் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

● குரங்கு மலேரியா

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடம் உள்ள நோலெசி வகை மலேரியா, காட்டுக் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கருக்குத்தான் இது இயற்கையாகத் தொற்றியதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் 'காட்டில் தங்கினேன்' என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலிக் காய்ச்சலுக்கும் இதே விதி.

● ஓடைக்கு அறுபது மீட்டர்

கண்ணாடி போல் தெளிந்த ஓடை நீரையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே குடியுங்கள். கழிப்பிடம் இல்லாத இடத்தில் நீர்நிலைக்குக் குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். சோப்பையும் ஷாம்புவையும் ஓடைக்குள் கொண்டுபோகாதீர்கள். வாளியில் நீர் எடுத்துக் கரையேறிக் குளியுங்கள். உங்களுக்குக் கீழே அதே ஓடையில் ஒரு பூர்வகுடிக் கிராமம் தண்ணீர் எடுக்கும்.

● கூடாரத்துக்குள் சோறு வேண்டாம்

அரிசி, உப்பு, வாழைப்பழம் மூன்றின் மணமும் யானைக்கு அழைப்புதான். உணவை மூடிய டப்பாவில் போட்டுச் சமையல் கொட்டகையில் வையுங்கள். படுக்கிற இடத்தில் பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். வழிகாட்டிகள் பச்சை மூங்கில் குழாயில் அரிசியும் நீரும் இட்டு, இலையால் அடைத்து, நெருப்பில் சாய்த்து வைப்பார்கள். பானை கழுவும் வேலையே மிச்சம்.

● மணத்தில் தேர்ந்தவர்கள்

பெலுமின் பூர்வகுடிகள் ஜஹாய், தெமியார் இனத்தவர். பெரும்பாலோர் நிறத்தைச் சொல்லும் வேகத்தில் மணத்தைச் சொல்லத் தடுமாறுவோம். ஜஹாய் மக்கள் மணத்தையும் அதே எளிமையுடன் இன்னதென்று சொல்லிவிடுவதாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழுகல், பூஞ்சை, புலி, பழுத்த பழம் என்று காடே மணத்தால் பேசுகிறபோது அது உயிர்காக்கும் திறமை. வழிகாட்டி சட்டென்று நின்று மூக்கை உயர்த்தினால் நீங்களும் நில்லுங்கள். அவர்களுக்கு உரிய கூலியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கிராமத்துக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

● சாலையைக் கடக்கும் யானைகள்

இந்தக் காட்டை இரண்டாகப் பிரிப்பது நீங்கள் வந்த நெடுஞ்சாலைதான். தீபகற்பத்தின் காட்டுச் சாலைகளில் யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தார்கள். சாலை அவற்றின் நடமாட்டத்தைச் சுமார் 80 விழுக்காடு தடுப்பதும், கடக்கும் யானைகளில் பெரும்பாலானவை இரவிலேயே கடப்பதும் 2018-இல் தெரியவந்தது. யானைகள் அடியில் புகுந்து போகட்டும் என்று இங்கே ஒரு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். அது ஓரிடத்துக்குத்தான் உதவும்.

2025 மே 11, அன்னையர் தினம். விடியற்காலையில் இதே சாலையில் ஒரு குட்டி யானை லாரியில் அடிபட்டு அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை தலையை லாரியோடு முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு. பண்டிங்குக்குப் பகலில் போய்ச் சேருங்கள். திரும்புவதும் பகலில்தான். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் வேகத்தைக் குறையுங்கள்.

● காண்டாமிருகம் போய்விட்டது

பெலும் காட்டில் ஒரு காலத்தில் சுமத்ரா காண்டாமிருகம் உலவியது. நாட்டின் கடைசி சுமத்ரா காண்டாமிருகமான 'இமான்' 2019 நவம்பர் 23 அன்று சபாவில், பராமரிப்பில் இருந்தபோது இறந்தது. இனி மலேசியாவில் ஒன்றுகூட இல்லை. அடுத்து புலிக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது.

● 150-க்கும் குறைவு

2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. பெரும் எதிரி கண்ணி. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியை வளையமாக்கி, வளைத்த இளமரத்தில் கட்டி, மேலே சருகு தூவி வைப்பார்கள். மிதித்த கால் தூக்கி இறுக்கப்படும். இழுக்க இழுக்கக் கம்பி எலும்பு வரை அறுக்கும். மானா, கரடியா, புலியா என்று கண்ணி பார்ப்பதில்லை.

இதற்கு எதிராக இராணுவம், போலீஸ், வனவிலங்குத் துறை, பூங்காக் காவலர் எல்லாரும் ரோந்து போகிறார்கள். 'ரிமாவ்' அமைப்பின் 'மென்ராக்' குழுவில் ஜஹாய் இளைஞர்களே காவல் நடக்கிறார்கள். 2022-இல் திருத்திய சட்டப்படி, வனவிலங்குக் குற்றத்துக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் கண்ணி வைக்கிறவன் அஞ்சுவது ஆள் நடமாட்டத்துக்கு. முகாமில் வெளிச்சம் தெரிந்தால், தினமும் வழிகாட்டி நடக்கும் தடம் இருந்தால், அந்தப் பக்கம் கண்ணி வைக்க யோசிப்பான். நீங்கள் காட்டில் தங்குவதன் பெரிய பயன் இதுதான்.

● அளவுக்கு மிஞ்சினால்

தங்குகிறவர்கள் பெருகினால் காடு தாங்குமா? நீலகிரியின் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்திலேயே விடுதிகள் முளைத்து, வேலி போட்டு, இரவெல்லாம் விளக்கெரித்தார்கள். வழக்கு பல ஆண்டு நடந்து, 2020 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் யானை வழித்தடத்தைக் காக்கும் அரசாணையை உறுதி செய்தது. பகாங் தாமான் நெகாராவில் வேறு முறை: சில படுக்கையும் ஒரு கழிப்பறையும் கொண்ட மரக்குடில்கள். 'பும்புன்' என்பார்கள். மின்சாரம் கிடையாது. முறை வைத்து விழித்திருந்து, ஜன்னல் வழியே உப்புச்சேற்றைப் பார்க்கலாம். சிறியதாக இருப்பதால்தான் விலங்குகளும் வருகின்றன. நாற்பது பேர் தங்கும் முகாமைவிட எட்டுப் பேர் தங்கும் முகாமைத் தேர்ந்தெடுங்கள். கரோக்கி உண்டா என்று கேட்காதீர்கள்.

● சின்னப் பிள்ளைகள் இருந்தால்

பெலும் தூரம் என்றால் முதலில் கோப்பெங் பக்கம் உலு கெரோவுக்குப் போய்ப் பழகுங்கள். ஜெலாப்பாங்கிலிருந்து ஒரு மணி நேரத்தை ஒட்டிய தூரம். அங்கே செமாய் மக்களே வழிகாட்டிகள். ராஃப்லேசியாவும், நம் நாட்டுத் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கும் அங்கே உண்டு. ஆண் பூச்சிகள் தாதுநீர் கசியும் மண்ணில் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சும். பிள்ளைகள் அங்கே நடந்து பழகிய பிறகு பெலுமுக்கு அழைத்துப் போகலாம்.

● கண்ணியைக் கண்டால்

தொடாதீர்கள், அவிழ்க்க முயலாதீர்கள். பக்கத்திலேயே இன்னும் பல இருக்கும். வழிகாட்டியிடம் காட்டுங்கள். கைப்பேசிக்கு லைன் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இடத்தைக் குறித்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள். அதைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், வைத்தவன் எச்சரிக்கையாகிவிடுவான். லைன் கிடைத்ததும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். புறப்படும் முன்பே இந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.